காத்த எறக்கு தாயீ!

தேரிக்குள் வண்டி புதைந்தபோது மணி பதினொன்றே கால். சித்திரை வெயில். வண்டியின் பின்னால் தொட்டியில் 750 லிட்டர் தண்ணீர். நானூறு மீட்டர் தள்ளி, 240 ஒட்டு முந்திரிக் கன்றுகள் ஒன்பது நாளாகத் தண்ணீர் பார்க்காமல் இலை சுருண்டு நின்றன. ஓட்டுநர் இருக்கையில் இருந்த மகளுக்கு வயது 34. கோயம்புத்தூர் சாலைகளில் பத்து வருஷம் கார் ஓட்டியவர். மணலில் ஓட்டியது அன்றோடு ஐந்தாவது தடவை. முதல் நான்கு தடவையும் கோடை மழை பெய்து ஈரம் காயாத நாள்கள். அதனால் மணலில் ஓட்டத் தெரிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்.

தேரியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் போனால் திடீரென்று மண் ரத்தச் சிவப்பாக மாறும். காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடுகள். இரும்புச் சத்து படிந்த சிவப்பு. குதிரைமொழித் தேரி மட்டும் பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். உள்பகுதி வனத்துறையின் காப்புக்காடு; அனுமதி இல்லாமல் அதற்குள் வண்டி கொண்டுபோவது குற்றம். ஓரங்களில் பட்டா நிலம் உண்டு. பனை, முந்திரி, உடைமரம், தண்ணீர் வசதி இருக்கிற இடத்தில் முருங்கை. மழை பெய்த மறுநாள் தேரியில் கால் புதையாமல் நடக்கலாம். பத்து நாள் காய்ந்தால் கணுக்கால் உள்ளே போகும். பள்ளங்களில் காற்று கொட்டிவைத்த மணலில் முழங்காலுக்குப் பாதி போகும். அந்தக் காலத்தில் மாட்டு வண்டிகளே இந்தத் தடங்களில் தடுமாறித்தான் போயின.

கன்றுகள் அப்பா நட்டவை. மூன்று ஏக்கரில், ஏழு மீட்டருக்கு ஏழு மீட்டர் இடைவெளியில், வி.ஆர்.ஐ-3 ஒட்டுக்கன்றுகளை ஐப்பசி மழையில் நட்டார். தை மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. மகள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். அப்பாவைக் கவனிப்பதா, கன்றைக் கவனிப்பதா என்று உறவினர்கள் கேட்டார்கள். கட்டிலில் படுத்திருந்தபடி அப்பா தினமும் இடது கையால் மேற்கே காட்டினார். கன்று இருக்கும் திசை அது.

முந்திரி வளர்ந்துவிட்டால் வறட்சியைத் தாங்கும். முதல் கோடையில் தாங்காது. வாரம் ஒரு தடவையாவது கன்றுக்கு எட்டு, ஒன்பது லிட்டர் ஊற்றியாக வேண்டும். நிலத்தில் போட்ட ஆழ்துளைக் கிணறு உப்பாகிப்போனது. நல்ல தண்ணீர்க் கிணறு தார்ச்சாலை ஓரம், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி. டிராக்டர் டேங்கர்காரர் நடைக்கு 900 ரூபாய் வாங்கினார். அதுகூடப் பரவாயில்லை, அவருக்கு வாழைத்தோட்ட வேலை வந்தால் கன்றுக்கு ஒரு வாரம் பட்டினி. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பங்குனியில் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்றை மகள் வாங்கினார். தண்ணீர் இழுக்க மட்டும் என்றால் அந்த விலைக்குப் பழைய டிராக்டர்தான் புத்திசாலித்தனம். ஆனால் அப்பாவைத் தூத்துக்குடிக்கு உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப்போகவும், முருங்கையைச் சந்தைக்கு ஏற்றவும் இதே வண்டிதான். டிராக்டரில் வைத்து நோயாளியைக் கூட்டிப்போக முடியாது.

அன்று காலை வண்டியைக் கிளப்பும்போது வேப்பமரத்தடிக் கட்டிலில் இருந்த அப்பா கையைத் தட்டிக் கூப்பிட்டார். பின் சக்கரத்தைக் காட்டினார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தடவை அமுக்கிக் காட்டினார்.

“காத்து கம்மியா இருக்காப்பா? சரி, போற வழில பிடிச்சிருதேன்.”

அப்பா கட்டில் சட்டத்தை ஓங்கித் தட்டினார். வெயில் ஏறுகிறது, சீக்கிரம் கிளம்பு என்கிறார் போல என்று மகள் புரிந்துகொண்டார். பஞ்சர் கடையில் நிறுத்தி, 40 பவுண்டு இருந்த பின் டயர்களை 55 ஆக்கினார். முன் டயர்களுக்கும் கொஞ்சம். கிணற்றுக்குப் போனால் மும்முனை மின்சாரம் ஒன்பதரைக்குத்தான் வந்தது. தொட்டி நிரம்பிப் புறப்பட்டபோது மணி பதினொன்று.

தார்ச்சாலை முடிந்து தடம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தவில்லை. சிக்கினால் ஃபோர் வீலைப் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம். புதியவர்கள் எல்லோருக்கும் இந்த எண்ணம் இருக்கும்போல. முதல் ஒரு கிலோமீட்டர் பிரச்னை இல்லை. இரண்டு மேடுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் இறங்கியபோது வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் தளர்ந்தது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினார். கிளட்ச்சை மிதித்து எடுக்கும் அந்த ஒரு நொடியில் இருந்த வேகமும் போய்விட்டது. பயத்தில் பிரேக்கை மிதித்தார். மணலில் பிரேக் பிடித்தால் சக்கரங்களுக்கு முன்னால் மணல் மேடாகக் குவியும். மறுபடி கிளம்பும்போது வண்டி அந்த மேட்டை ஏறித்தான் போக வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். பின் சக்கரங்கள் சுற்றின, வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தினார். சிவப்பு மணல் விசிறியடித்தது. ஐந்தே நிமிடத்தில் பின் ஆக்ஸிலின் குண்டு மணலில் உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் ஃபோர் வீல் லீவரைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. முன்னும் பின்னும் மாற்றி மாற்றி முயன்றார். கிளட்ச் கருகும் வாடை வந்தது. டேங்கர்காரருக்குப் போன் செய்தார். வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், சாயங்காலம் வருகிறேன் என்றார். ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டார் என்று பிறகு அவரே சொன்னார்.

எஞ்சின் சத்தம் கேட்டுப் பனைகளுக்கு நடுவே இருந்து பாட்டையா வந்தார். அந்தப் பக்கத்துப் பனையேறி, எழுபதைத் தொட்டவர். காலைப் பதநீரை இறக்கி விடிலியில் சேர்த்துவிட்டு, மாலை ஏற்றத்துக்கு முன் ஓய்வில் இருந்தவர்.

“மொதல்ல எஞ்சின அமத்து தாயீ. அது இனி குழிதான் தோண்டும்.”

பாட்டையாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் அந்தத் தடத்தில் புதைந்த வண்டிகளை ஐம்பது வருஷமாகப் பார்த்தவர். கையில் கொண்டுவந்திருந்த தூக்குவாளியிலிருந்து பதநீரை ஊற்றிக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். பிறகு குனிந்து வண்டியைச் சுற்றிவந்தார்.

“நீ போட்ட போடுல பின்னச் சக்கரம் ரெண்டும் சுத்திச்சு. முன்னச் சக்கரம் அப்படியேல்லா நிக்கு? மணலு கலையவே இல்லயே.”

அப்போதுதான் மகளுக்கு ஞாபகம் வந்தது. வண்டியை விற்றவர் சொல்லிக் கொடுத்திருந்தார்: இந்தப் பழைய வண்டியில் உள்ளே லீவரைப் போட்டால் மட்டும் போதாது, இறங்கி, முன் சக்கரங்களின் நடுவே உள்ள ஹப் குமிழையும் கையால் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் எஞ்சினின் சக்தி முன் சக்கரத்துக்குப் போகாது. நாற்பது நிமிடமாக அவர் ஃபோர் வீல் என்று நினைத்து ஓட்டியது வெறும் டூ வீல்தான். குமிழைத் தேடித் திருப்ப, முன் சக்கரத்தைச் சுற்றி மணலைத் தோண்ட வேண்டியிருந்தது. தடம் தொடங்கும் இடத்திலேயே திருப்பியிருந்தால் அரை நிமிட வேலை.

மண்வெட்டி வண்டியில் இருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் வெட்டப் போன மகளைப் பாட்டையா தடுத்தார். வண்டியின் பாரத்தைச் சக்கரம் தாங்கவில்லை, வயிறுதான் தாங்குகிறது. வயிற்றுக்குக் கீழே உள்ள மணலை எடுக்காமல் எந்தச் சக்கரத்துக்கும் பிடிமானம் கிடைக்காது. இருவரும் படுத்துக்கொண்டு கையால் அள்ளினார்கள். புகைக் குழாயின் வாயையும் அடைப்பெடுத்தார்கள். வெயிலில் கொதிக்கும் மணல். முழங்கையில் கொப்புளம் வந்தது. அரை மணி நேரத்தில் ஆக்ஸிலுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி தெரிந்தது.

பாட்டையா எழுந்து டயரை விரலால் சுண்டினார்.

“இது என்ன தாயீ, கல்லு மாதிரி இருக்கு? காத்த எறக்கு.”

“இன்னைக்குக் காலையிலதான் பாட்டையா பிடிச்சேன். காத்து இல்லாம எப்படி ஓட்ட?”

“உங்கப்பன் இந்தத் தடத்துல முந்திரிக் குத்தகைக்காரருக்கு ஜீப்பு ஓட்டுனான்லா, பதினெட்டு வருசம்? உள்ள வரும்போது டயரு சப்பிக் கெடக்கும். ரோட்டுக்குப் போனதும் காலு பம்ப வச்சு மிதிச்சுக்கிட்டே நிப்பான். நாங்க கேலி பண்ணுவோம், இவனுக்கு இதே பொழப்புன்னு.”

மகள் பதில் பேசவில்லை. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டிய அந்த இடது கை கண் முன்னால் வந்தது. ‘காற்று குறைவு’ என்று அவர் சொல்லவே இல்லை. ‘குறை’ என்றுதான் சொல்லியிருக்கிறார். இவர் 55 ஆக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்.

காற்றை இறக்குவதில் மந்திரம் ஏதும் இல்லை. 55 பவுண்டு டயர் தார்ச்சாலைக்கு நல்லது. மணலில் அது கத்திபோல் இறங்கும். காற்று குறையும்போது டயர் தரையில் படும் இடம் நீளமாகிறது. அகலம் கொஞ்சம்தான் கூடும், முக்கியமானது நீளம்தான். அதே பாரம் அதிக இடத்தில் பரவுவதால், சக்கரம் மணலை வெட்டாமல் மேலே மிதித்துப் போகும். ஒட்டகத்தின் பாதம் விரிந்துகொடுப்பதும் இதற்குத்தான். எகிப்து, லிபியா பாலைவனங்களில் 1920களின் கடைசியிலும் 1930களிலும் ஃபோர்டு கார்களை ஓட்டிப்போன ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி கையாண்டதும் இதே வழிதான்: டயரில் காற்றைக் குறைப்பது, புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு வைப்பது. மணல் எப்படி நகர்கிறது என்று அவர் எழுதிய புத்தகம் 1941-ல் வந்தது. இன்றும் ஆராய்ச்சியாளர்கள் படிக்கிறார்கள். பாக்னால்டுக்கு இரும்புத் தகடு. தேரிக்குப் பனைமட்டை.

அழுத்தமானி கிடையாது. உடைமுள் ஒன்றை ஒடித்து வால்வு ஊசியை அமுக்கிக்கொண்டு, பாட்டையா சொல்லும்வரை காற்றை விட்டார் மகள். அவருடைய அளவு கண்ணளவுதான். இரும்பு ரிம்முக்கும் தரைக்கும் இடையே டயர் நாலு விரல் நின்றால், அதை மூன்று விரலாக்கு. பிறகு அழுத்தமானி வாங்கி மகள் அளந்து பார்த்தார். பாரத்தோடு பின்னால் 25 பவுண்டு, முன்னால் 18 என்று வந்தது. பாரம் இல்லாமல் நாலு சக்கரத்துக்கும் 18 வைத்தால் அவருடைய வண்டி தாராளமாகப் போகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் டயருக்கும் இது மாறும். பத்துப் பன்னிரண்டுக்குக் கீழே இறக்கினால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும் ஆபத்து உண்டு. காற்று குறைத்த டயரோடு வேகமாகப் போகக் கூடாது, வெடுக்கென்று திருப்பவும் கூடாது.

எஞ்சினைப் போட்டு, ஃபோர் லோவில் மெல்ல எடுத்தார். நாலு சக்கரமும் சுற்றியது. வண்டி ஒரு முழம் நகர்ந்தது. மறுபடி இறங்கியது.

“பாரம் தாயீ. தண்ணிய விடு.”

முக்கால் டன் தண்ணீர். பாட்டையா சொன்னது சரி என்று தெரிந்தும் மகளால் உடனே முடிவெடுக்க முடியவில்லை. கன்றுகள் நானூறு மீட்டரில் இருக்கின்றன. அடுத்த நடை கொண்டுவர வண்டியே இல்லை. வண்டியை எடுக்கத் தண்ணீரை விட வேண்டும். கன்றைக் காப்பாற்றத் தண்ணீர் வேண்டும்.

“மூணு மணிக்கு நான் மரம் ஏறப் போகணும். அதுக்குள்ள நாலு கொடம் எடுக்கலாம், வா.”

விடிலியிலிருந்து பாட்டையாவின் வீட்டம்மா இரண்டு குடங்களோடு வந்து சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் மணலில் நடந்து நடந்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள முதல் இரண்டு வரிசைக் கன்றுகளுக்கு ஊற்றினார்கள். எத்தனை குடம் என்று எண்ணவில்லை. 28 கன்று நனைந்தது என்பது மட்டும் மகளுக்குத் தெரியும். அதற்கு மேல் கால் வரவில்லை. தொட்டியில் பாதிக்கு மேல் மீதி இருந்தது.

அதைச் சும்மா திறந்துவிடவும் பாட்டையா விடவில்லை. வண்டி வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுக்கச் சொன்னார். ஏற்கெனவே மிதிபட்ட மணல் கொஞ்சம் இறுகியிருக்கும். முன்னால் இருப்பது மிதிபடாத மணல், அதுவும் ஏற்றம். நாலு சக்கரத்துக்கும் பின்னால் மணலைச் சரிவாக வெட்டி, குழாயைப் பிடித்து அந்தச் சரிவுகளிலும் பின்னால் பத்தடி தூரத்துக்கும் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். காய்ந்த மணல் விரலுக்கு இடையே ஓடும். ஈர மணல் கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கும். கடற்கரையில் அலை நனைத்த இடத்தில் கால் புதையாமல் நடப்பதில்லையா, அதுதான். நனைத்த சரிவில் பனைமட்டைகளைக் குறுக்காக அடுக்கி, கூர்முனை டயரைக் குத்தாதபடி ஓலைச் சாக்கை மேலே போட்டார்கள். தொட்டி காலி. டயர் சப்பை. ஸ்டீயரிங் நேர். சக்கரம் கோணலாக இருந்தால் அது மணலை உழும்.

“மிதிக்காத. சும்மா கிளட்ச விடு. சுத்துச்சுன்னா உடனே நிப்பாட்டு.”

பாட்டையாவும் வீட்டம்மாவும் பக்கவாட்டில் தள்ளிப்போய் நின்றார்கள். மட்டை எகிறிக் காலில் அடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வண்டி மட்டையில் ஏறி, நனைந்த மணலில் ஏறி, நிற்காமல் பின்னோக்கியே போய், மேட்டின் மறு சரிவில் இறக்கமாக நின்றது. மணி இரண்டே முக்கால்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மகள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தடவை அமுக்கிக் காட்டினார். அப்பா அவருடைய முழங்கைக் கொப்புளத்தைப் பார்த்தார். வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது. பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. பக்கவாதம் வந்தவர்களுக்கு இரண்டும் சட்டென்று மாறும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது மட்டும்தான் காரணமா என்று மகளுக்குத் தெரியாது.

கிளட்ச் பிளேட் மாற்றச் செலவு எட்டாயிரத்துச் சொச்சம். டேங்கர்காரர் ஒன்பது நடை அடித்திருப்பார்.

இரண்டு நாள் கழித்து, விடியற்காலை ஐந்தரைக்கு, அப்பாவை முன் இருக்கையில் உட்காரவைத்து பெல்ட் போட்டுக்கொண்டு போனார் மகள். விடியலில் பனி பட்டு மேல் மணல் கொஞ்சம் பிடிப்பாக இருக்கும். வெயில் ஏற ஏறப் பொலபொலவென்றாகும். மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்திருக்காமல், முந்தின நாளே தொட்டியை நிரப்பிவைத்துக்கொண்டார். 750 அல்ல, 500 லிட்டர் மட்டும். மூன்று நடை ஐந்து நடையாகும். ஆனாலும் ஐந்தும் போய்ச் சேரும். தடம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, காற்றை இறக்கி, ஹப் குமிழைத் திருப்பி, லீவரைப் போட்டார். அப்பா ஜன்னல் வழியே எட்டிப்பார்த்து, டயரின் புடைப்பைக் கண்ணால் அளந்து, இன்னும் கொஞ்சம் என்று கையை அமுக்கினார்.

பள்ளம் வரும் முன்னேயே இரண்டாவது கியர். உள்ளே இறங்கிய பிறகு கியரில் கை வைக்கவில்லை. வேகம் அதிகம் வேண்டாம். ஆனால் குறையக் கூடாது. வண்டி தளரும்போது காலை அழுத்தத் தோன்றும். அப்போதெல்லாம் அப்பாவின் இடது கை அவருடைய முழங்காலில் லேசாகப் பட்டது. மிதிக்காதே. ஒரே சீராகப் பிடி. மேட்டில் ஏறும்போது நேராக ஏறு என்று கையை நீட்டிக் காட்டினார். மணல்மேட்டில் குறுக்காகப் போனால் கீழ்ப்பக்கச் சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்துவிடும், தண்ணீர்த் தொட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். நிறுத்த வேண்டிய இடத்தில் கையை மெல்லத் தாழ்த்தினார். மகள் பிரேக்கைத் தொடவில்லை. காலை எடுத்ததும் மணலே வண்டியைப் பிடித்து நிறுத்தியது, இறக்கத்தைப் பார்த்தபடி.

பேச்சு இருந்திருந்தால் பத்து வாக்கியத்தில் சொல்லியிருப்பார். பேச்சு இருந்த நாளில் மகள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பெண்பிள்ளைக்கு எதற்குத் தேரியில் ஓட்டுகிற வித்தை என்று அப்போது இருவருமே நினைத்திருக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அப்பாவும் பாட்டையாவும் ஒத்துப்போகவில்லை. பள்ளத்தில் எப்போதும் பழைய தடத்திலேயே போக வேண்டும் என்பது பாட்டையாவின் கட்சி. தடம் ஆழமாகிவிட்டால் ஆக்ஸில் நடுமேட்டில் தட்டும், அதற்கு முன் ஒரு சக்கரம் தள்ளி ஓட்டு என்று அப்பா கையால் காட்டினார். சோதித்துப் பார்த்ததில் மகளுக்கு அப்பா சொன்னது சரியென்று பட்டது. அவருடைய வண்டியின் வயிறு மாட்டு வண்டியைவிடத் தாழ்வு. பாட்டையாவிடம் இதைச் சொல்லவில்லை.

வண்டியில் இப்போது நிரந்தரமாக இருப்பவை ஒரு மண்வெட்டி, இரண்டு சாக்கு, அழுத்தமானி, பேட்டரியில் ஓடும் சின்ன காற்றடிக்கும் மெஷின், குடிக்க ஐந்து லிட்டர் தண்ணீர். முன்னாலும் பின்னாலும் சேசிஸில் பற்றவைத்த கொக்கி உண்டு. பம்பரில் கயிறு கட்டி இழுக்கவிட்டு, பம்பர் பிய்ந்து ஆள் மேல் பறந்த கதையைப் பாட்டையா சொல்லிப் பயமுறுத்தியதால் வைத்த கொக்கி அது. பள்ளத்தின் இரு பக்கமும் பனைமட்டைக் கட்டு ஒவ்வொன்று கிடக்கிறது, பாட்டையா போட்டுவைத்தது. பதிலுக்கு, வாரம் ஒருமுறை அவருடைய கருப்பட்டியை இறங்குமுகமாக உடன்குடி வரை மகள் ஏற்றிப்போகிறார். தலைச்சுமையாகத் தார்ச்சாலை வரை நடந்த கருப்பட்டி.

240 கன்றுகளில் 31 காய்ந்துபோயின. அன்று குடத்தில் தண்ணீர் குடித்த 28-ல் இரண்டு மட்டுமே போயின. கடைசி வரிசைகளில்தான் சேதம் அதிகம். ஐப்பசியில் போக்கிடம் நட வேண்டும். விருத்தாசலத்திலிருந்து கன்று வரவழைக்க இப்போதே எழுதிப்போட்டாயிற்று.

ஆனி பிறந்து மேல்காற்று தொடங்கிவிட்டது. ராத்திரியில் ஊளையிடுகிறது. காலையில் போய்ப் பார்த்தால் நேற்றைய தடம் இல்லை. பள்ளம் இருந்த இடம் பாதி நிரம்பியிருக்கிறது, நேராக இருந்த மேடு கிழக்கே சாய்ந்திருக்கிறது. மகள் வண்டியை நிறுத்திவிட்டு, முதலில் இறங்கி நடந்து பார்க்கிறார். குதிகால் எங்கே புதைகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் சாவியைத் திருப்புகிறார்.

திரும்பி வந்து தார்ச்சாலையைத் தொட்டதும் லீவரைப் பழையபடி டூ வீலுக்கு மாற்றி, நாலு டயருக்கும் காற்றடிக்கிறார். குறைந்த காற்றோடு சாலையில் ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். கெட்டித் தரையில் ஃபோர் வீலில் ஓடினால் கியர்பெட்டி கெடும். சின்ன மெஷின், மெதுவாகத்தான் அடிக்கும். நாலுக்கும் இருபது நிமிடம் ஆகிறது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் இவருக்கு இதே பொழப்பு என்கிறார்கள். அப்பா முன் இருக்கையில் இருந்தபடி, மடியில் வைத்த அழுத்தமானியை ஒவ்வொரு டயருக்கும் எடுத்து நீட்டுகிறார்.